இறங்கும்போதும் அதே வேகத்தில் இறங்கட்டும்

எரிபொருளுக்கு வரி போடும் அரசுகளுக்கும், அதற்கு விலை வைக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் ஒரு வண்டிக்காரனின் திறந்த மடல்

வணக்கம்.

நான் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். பெரிய லாரி இல்லை. வீடு மாறுகிறவர்களின் கட்டில், பீரோ, கடைகளுக்குப் போகும் மூட்டைகள், அச்சகத்துக்குப் போகும் காகிதக் கட்டுகள் என்று கிடைத்த லோடை ஏற்றிக்கொண்டு ஓடும் சின்ன வண்டி. 19 வருடமாக இதுதான் பிழைப்பு. வண்டி ஓடினால் வீட்டில் செலவுக்குப் பணம் இருக்கும், நின்றால் இருக்காது.

முன்பெல்லாம் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினால் ‘ஃபுல் பண்ணுங்க’ என்று சொல்லிவிட்டு இறங்கிப்போய் முன்கண்ணாடியைத் துடைப்பேன். அப்புறம் லிட்டர் கணக்கில் கேட்க ஆரம்பித்தேன். இப்போது சட்டைப்பையில் இருப்பதை எண்ணிப் பார்த்து, ‘இவ்வளவுக்குப் போடுங்க’ என்கிறேன். கண்ணாடி துடைக்கப் போவதில்லை. மீட்டரில் ஓடும் எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

டேங்கில் கால்வாசிக்குக் குறைய விடாதே என்று எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். அடியில் தங்கும் கசடு பம்புக்குள் போய்விடும். பம்பு எரிபொருளில் மூழ்கி இருந்தால்தான் சூடேறாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் முள் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை ஓட்டுகிறேன். என்னோடு ஸ்டாண்டில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். அங்கே வயதில் சின்னவன் ஒருவன் இருக்கிறான், புதிதாகக் கடனில் வண்டி எடுத்தவன். ‘நாளைக்குக் குறையுமாண்ணே?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பான். இன்றைக்குப் போடுவதா, ஒரு நாள் தள்ளிப் போடுவதா என்பது அவனுக்கு அத்தனை பெரிய கணக்கு. அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு நாளும் பதில் இருந்ததில்லை. பதில் உங்களிடம்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கச்சா எண்ணெயின் விலை உங்களில் யார் ஒருவர் கையிலும் முழுதாக இல்லை என்பது எனக்குப் புரியும். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி வைத்தபோது, பீப்பாய் ஏறக்குறைய 3 டாலராக இருந்தது சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. 2008 ஜூலையில் 147 டாலரைத் தொட்டது, அதே வருடம் டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே விழுந்தது. ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த பிறகு 2022 மார்ச் தொடக்கத்தில் 139 டாலர் வரை போனது. ஒரு பீப்பாய் என்பது ஏறக்குறைய 159 லிட்டர். அதை டாலரில் வாங்க வேண்டும் என்பதால், கச்சா விலை அசையாமல் நின்றாலும் உள்நாட்டுப் பணத்தின் மதிப்பு சரிந்தால் பங்கில் விலை ஏறும். போர், கப்பல் வழித் தடை, சுத்திகரிப்பு ஆலைகளின் தட்டுப்பாடு எல்லாமே அந்த மீட்டருக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. சரி. இதற்கெல்லாம் உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை.

என் குறை வேறு. ஏறும்போது இருக்கிற வேகம் இறங்கும்போது எங்கே போய்விடுகிறது?

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. எண்ணெய் போடும் ஒவ்வொரு முறையும் தேதி, லிட்டர், விலை, வண்டி ஓடிய கிலோமீட்டர் நான்கையும் எழுதுவேன். மைலேஜ் தெரிந்துகொள்ளத்தான் ஆரம்பித்தேன். இரண்டு மூன்று நோட்டுகள் தீர்ந்தபோது, மைலேஜை விட வேறொன்று கண்ணில் பட்டது. உலகச் சந்தையில் விலை ஏறியதாகச் செய்தி வந்தால், அடுத்தடுத்து நான் போட்ட மூன்று தடவையும் மூன்று விலை, ஒன்றைவிட ஒன்று கூடுதல். விலை சரிந்ததாகச் செய்தி வந்தால், நான்கைந்து தடவை போட்ட பிறகும் அதே விலை. அப்புறம் கொசுறு போல ஒரு சின்னக் குறைவு. மறுபடி சில வாரம் அசைவில்லை. அந்தக் குறைவு முழுதாக வந்து சேர்வதற்குள் அடுத்த ஏற்றம் வந்துவிடும். பழைய இடத்துக்கு அது திரும்பியதாக என் நோட்டில் அநேகமாக இல்லை.

விற்பவர்களிடம் கேட்டால் ஒரு விளக்கம் வருகிறது. இப்போது விற்கும் எண்ணெய் பழைய விலைக்கு வாங்கியது, அந்த இருப்பு தீர்ந்தால்தான் குறைக்க முடியும் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏறும்போதும் அதே தொட்டியில், அதே பழைய விலைக்கு வாங்கிய எண்ணெய்தானே கிடந்தது? அன்றைக்கு மட்டும் இரவோடு இரவாகப் புது விலை எப்படி வந்தது? இருப்புக் கணக்கு பார்த்தால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் இரண்டு பக்கமும் விட்டுவிட வேண்டும். எங்கள் ஸ்டாண்டில் பள்ளிக்கூடம் தாண்டாதவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரிகிறது.

இங்கே பங்கில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தொழிலாளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலை ஏறும் நாளில் எல்லாருடைய கோபமும் அவர்மேல்தான் விழுகிறது. அந்த விலையில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. மாலையில் அவர் வீட்டுக்குப் போகிற வண்டிக்கும் அதே விலைக்குத்தான் போட வேண்டும். இந்த மடல் அவருக்காகவும்தான்.

என் நோட்டு ஒரு தனி ஆளின் நோட்டு. ஆனால் இதை ஆராய்ந்தவர்களும் இதையேதான் பார்த்திருக்கிறார்கள். ராபர்ட் பேக்கன் என்ற பொருளியல் அறிஞர் பிரிட்டனின் பெட்ரோல் விலையை ஆராய்ந்து 1991-இல் எழுதினார். விலை ராக்கெட் போல ஏறுகிறது, இறகு போல இறங்குகிறது என்பது அவர் கொடுத்த உவமை. அதற்குப் பிறகு பல நாடுகளில் பலர் ஆராய்ந்து அதே போக்கைக் கண்டிருக்கிறார்கள், இன்றைக்கும் அந்தத் துறையில் இருப்பவர்கள் அந்தப் பெயரால்தான் இதைக் குறிப்பிடுகிறார்கள். இதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று என்னை யோசிக்க வைத்தது. விலை ஏறும்போது எல்லாரும் எங்கே மலிவு என்று தேடி அலைகிறோம். இறங்க ஆரம்பித்ததும், அப்பாடா, கொஞ்சமாவது குறைந்ததே என்று தேடுவதை நிறுத்திவிடுகிறோம். நாம் தேடுவதை நிறுத்தியதும் விற்பவருக்குக் குறைக்கும் அவசரம் போய்விடுகிறது. எங்களுடைய நிம்மதிப் பெருமூச்சில் இருந்தே லாபம் எடுக்கப்படுகிறது என்பதைப் படித்தபோது எனக்கு மனம் கசந்தது.

பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2023 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை இன்னும் நேரடியானது. அங்கே எரிபொருளை மலிவாக விற்பதாகப் பெயர் எடுத்தவை பெரிய சூப்பர்மார்க்கெட் நிறுவனங்கள். 2019-க்கும் 2022-க்கும் இடையே லிட்டருக்கு அவர்கள் வைக்கும் லாபம் 6 பென்ஸ் கூடியிருக்கிறது. 2022-இல் மட்டும் அதனால் ஓட்டுநர்கள் ஏறக்குறைய 90 கோடி பவுண்டு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று அந்த ஆணையம் கணக்கிட்டது. 6 பென்ஸ் என்பது ஒருவர் பையில் கனமே தெரியாத காசு. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியதாக இருப்பதால்தான் அது அத்தனை கோடியாகச் சேர முடிந்தது. அதே 2022-இல் எக்ஸான்மொபில் நிறுவனம் 5,500 கோடி டாலருக்கு மேல் லாபம் காட்டியது, ஷெல் நிறுவனம் ஏறக்குறைய 4,000 கோடி டாலர். இரண்டுமே அவர்கள் வரலாற்றில் அதுவரை இல்லாத லாபம். லாபம் சம்பாதிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. எங்கள் வாழ்க்கையின் மிக மோசமான வருடங்களில் ஒன்று உங்கள் மிகச் சிறந்த வருடமாக அமைந்ததே, அதைக் கொஞ்சம் நின்று பாருங்கள் என்கிறேன்.

இப்போது அரசுகளிடம் வருகிறேன்.

2020 ஏப்ரல் 20-ஆம் தேதி நடந்ததை எங்கள் தொழிலில் யாரும் மறக்க மாட்டோம். கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் இருந்தது. எண்ணெயைச் சேர்த்து வைக்க அமெரிக்காவின் குஷிங் நகரக் கிடங்குகளில் இடம் தீர்ந்துகொண்டிருந்தது. வாங்க ஒப்புக்கொண்டவர்கள் எண்ணெயைக் கொண்டுபோய் வைக்க இடமில்லாமல், யாராவது எடுத்துக்கொண்டால் போதும் என்று கையிலிருந்து பணம் கொடுக்கும் நிலைக்கு வந்தார்கள். அன்று அங்கே மே மாதம் எண்ணெயை எடுத்துக்கொள்வதற்கான ஒப்பந்தத்தில் பீப்பாய் விலை பூஜ்யத்துக்கும் 37.63 டாலர் கீழே போய் முடிந்தது. அது ஒரு ஒப்பந்தத்தின், ஒரு நாளின் கதைதான், உண்மை. ஆனால் அந்த மாதங்களில் உலகம் முழுக்கக் கச்சா எண்ணெய் மலிந்து கிடந்ததும் உண்மை. அந்த மலிவு எங்கள் டேங்குக்கு வந்து சேர்ந்ததா? இந்தியாவில் 2020 மே மாதம் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி கூட்டினார்கள். கச்சா விலை இறங்கியதால் வந்திருக்க வேண்டிய குறைவு வரிக்குள் போய்விட்டது. பங்கில் எண் மாறவே இல்லை, அதனால் பலருக்கு இது தெரியவும் இல்லை.

அந்த நேரத்தில் அரசுகளுக்குப் பணம் வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும். மருத்துவமனை, மருந்து, நிவாரணம் எல்லாம் அரசின் பணத்தில்தான் நடந்தன. நாங்கள் ஓடும் சாலையும் வரியில் போட்டதுதான். வரியே வேண்டாம் என்று எந்த ஓட்டுநரும் யோசித்துப் பேசினால் சொல்ல மாட்டான். ஆனால் ஏற்றத்தை எங்களுக்கும் இறக்கத்தை உங்களுக்கும் என்று பிரித்துக்கொண்டால், அதைப் பங்கு போடுவது என்று எப்படிச் சொல்ல முடியும்?

விழுக்காட்டில் போடும் வரியின் குணத்தையும் சொல்ல வேண்டும். அடிப்படை விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 விழுக்காடு வரி என்றால் 20. அடிப்படை விலை 150 ஆகிவிட்டால் வரி தானாகவே 30 ஆகிவிடும். சட்டமன்றத்தில் விவாதம் இல்லை, அறிவிப்பு இல்லை, யாரும் கையெழுத்துப் போடவில்லை. எங்கோ ஒரு போர் மூண்டதற்காக வரி பாதி மடங்கு கூடிவிட்டது. கூடுதலாக வந்த அந்த 10, எந்தத் திட்டத்துக்காகவும் கேட்டு வாங்கிய பணம் இல்லை. அதைத் திருப்பித் தருவதற்கு ஓர் ஏற்பாட்டைச் சட்டத்திலேயே எழுதி வைக்கலாம் அல்லவா?

இந்த விலை எங்கே போய் வலிக்கிறது என்று சொல்கிறேன். மேலே இருந்து பார்த்தால் இது தெரியாது.

கடை வைத்திருப்பவர் கொள்முதல் விலை ஏறினால் விற்பனை விலையைக் கூட்டிக்கொள்வார். பெரிய போக்குவரத்து நிறுவனம் என்றால் எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதியிருப்பார்கள். என்னைப் போன்ற தனி வண்டிக்காரனுக்கு அப்படி எதுவும் இல்லை. நான் ஒரு கிடங்கோடு வருட வாடகை பேசி ஓட்டினேன். பேசிய மூன்றாவது மாதம் விலை ஏறத் தொடங்கியது. போய்க் கேட்டேன். ‘உங்க கஷ்டம் புரியுது. ஆனா பேசின வாடகை பேசினதுதான். முடியலைன்னா சொல்லிடுங்க, வேற வண்டி பாத்துக்கறோம்’ என்றார்கள். வேறு வண்டி கிடைக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒன்றும் சொல்லாமல் வந்து வண்டியை எடுத்தேன். மீதி ஒன்பது மாதமும் ஒவ்வொரு லிட்டரின் ஏற்றத்தையும் நான்தான் சுமந்தேன்.

எதிலிருந்து சுமந்தேன் என்று கேட்பீர்கள். வாடகையைக் கூட்ட முடியாது, தவணையைக் குறைக்க முடியாது, பள்ளிக் கட்டணத்தை நிறுத்த முடியாது. கை வைக்க முடிந்த இடம் வண்டி ஒன்றுதான். ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் தாண்டியும் ஓட்டினேன். முன் டயர் இரண்டும் தேய்ந்துபோய்க் கோடு மறைய ஆரம்பித்தபோது, இன்னும் ஒரு மாதம் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரேக் பிடித்தால் கிறீச் என்று ஒரு சத்தம். மெக்கானிக்கிடம் போகும் முன்பே அது என்னவென்று தெரியும், பேட் தேய்ந்துவிட்டது. அந்தச் சத்தத்தோடு பதினோரு நாள் ஓட்டினேன். ஒரு மழை நாளில் முன்னால் போன பைக் சட்டென்று நின்றபோது, என் வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. அந்தப் பைக்கில் பின்னால் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அவள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலையே கடன் வாங்கிப் பேட் மாற்றினேன்.

தவறு என்னுடையதுதான், அதை உங்கள்மேல் போடவில்லை. ஆனால் விலைப் பட்டியலைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எரிபொருள் விலை எரிபொருளோடு நிற்பதில்லை. அது பிரேக்குக்குள் போகிறது, டயருக்குள் போகிறது, தூக்கத்துக்குள் போகிறது. பத்து மணி நேரம் ஓட்டிச் சம்பாதித்ததைச் சம்பாதிக்க இப்போது பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் ஓட்டுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் எதிரே வரும் வண்டிக்காரன் கடைசியாக எப்போது தூங்கினான் என்று அந்தச் சாலையில் போகும் யாருக்கும் தெரியாது. அந்தச் சாலையில் உங்கள் காரும்தான் போகிறது.

நான் ஒருவன் மட்டும் இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் செவிலியர்கள் இருக்கிறார்கள். பேருந்து ஓடாத அதிகாலையில் அலுவலகங்களைச் சுத்தம் செய்யப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பைக்கில் பொட்டலம் கொண்டுவந்து தரும் பிள்ளைகளுக்குச் செயலி காட்டும் தொகைதான் கூலி. அதில் பெட்ரோல் விலை ஏறியதற்கு இடம் இல்லை. 2022 மார்ச்சில் ஊபர் நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒவ்வொரு சவாரிக்கும் 45 முதல் 55 சென்ட் வரை எரிபொருளுக்கென்று சேர்த்து வாங்கி, அதை அப்படியே ஓட்டுநரிடம் கொடுப்பதாக அறிவித்தது. தொகை சின்னது, முதலில் 60 நாளுக்கு என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் அதில் எனக்கு ஒன்று உறுதியானது. கணினியில் ஓர் எண்ணை மாற்றினால் போதும், மனமிருந்தால் செய்யலாம்.

எங்களுக்கு வரும் அறிவுரைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டயரில் காற்றைச் சரியாக வை, மெதுவாக ஓட்டு, சிக்னலில் எஞ்சினை அணை, தேவையில்லாத எடையை இறக்கு என்பார்கள். எல்லாம் உண்மை. வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும், எண்ணெயும் அதற்கேற்பக் குடிக்கும். இதை எந்த ஓட்டுநருக்கும் சொல்லித்தர வேண்டாம், அவன் பை அவனுக்குச் சொல்லித்தந்துவிட்டது. நாங்கள் ஏற்கெனவே மெதுவாகத்தான் ஓட்டுகிறோம். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுகிறோம். இனிமேல் மிச்சம் பிடிக்க வண்டியில் இடம் இல்லை.

மின்சார வண்டிக்கு மாறுங்கள் என்பது அடுத்த அறிவுரை. மாறத்தான் போகிறோம், காற்று சுத்தமாக இருக்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு யாரையும் விடக் குறைவில்லை. நாள் முழுக்கப் புகையைச் சுவாசிக்கிறவர்கள் நாங்கள்தான். ஆனால் புது வண்டி முதலில் வசதி உள்ளவர் கைக்குப் போகும். பத்து வருடம் கழித்து, இரண்டு கை மாறி, பழசாகி எங்களிடம் வரும். அதுவரைக்கும் இருக்கிற வண்டியில் ஓட வேண்டியவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். பிரான்ஸில் 2018-இல் எரிபொருள் வரியை அடுத்த ஜனவரியிலிருந்து கூட்டப் போவதாகச் சொன்னபோது, நவம்பர் 17-ஆம் தேதி மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு சாலைக்கு வந்தவர்களில் நிறையப் பேர் சின்ன ஊர்களிலிருந்து வேலைக்குக் கார் ஓட்டிப் போகிறவர்கள். அந்த மேலங்கியே வண்டியில் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய பொருள்தான். டிசம்பரில் அரசு அந்த ஏற்றத்தைக் கைவிட்டது. சுற்றுச்சூழலுக்கு எதிரான கூட்டம் என்று அவர்களைச் சிலர் சொன்னார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. வேறு வழி இல்லாதவனிடம், வேறு வழிக்குப் போ என்று சொல்லி வரி போட்டால் அவன் சாலையில்தான் உட்காருவான்.

அதற்காக, கடன் வாங்கியாவது விலையை அடக்கி வையுங்கள் என்றும் நான் கேட்க மாட்டேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி மானியம் கொடுத்தால் பெரிய கார், இரண்டு கார் வைத்திருப்பவருக்குத்தான் அதிகம் போகும். விலையை விடக் கொடியது எண்ணெயே கிடைக்காமல் போவது. 2022-இல் இலங்கையில் இறக்குமதிக்கு டாலர் இல்லாமல் போனபோது, ஆட்டோக்காரர்களும் பஸ்காரர்களும் நாள்கணக்கில் வரிசையில் கிடந்தார்கள். வரிசையிலேயே உயிர்விட்டவர்கள் உண்டு. பிறகு க்யூஆர் அட்டை வைத்து வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். அந்த நிலை எந்த ஊர் ஓட்டுநருக்கும் வரக்கூடாது. அரசின் கஜானா காலியாகிற வழியைக் கேட்டு வாங்கிக்கொள்ள எனக்கு விருப்பம் இல்லை.

நான் கேட்பது சின்ன விஷயங்கள். இவை எதுவும் நடக்காதவை இல்லை, எங்கோ ஒரு நாட்டில் செய்து பார்த்தவை.

ஆஸ்திரியாவில் 2011-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். பங்குகள் ஒரு நாளில் ஒரே ஒரு முறை, நண்பகல் 12 மணிக்கு மட்டும்தான் விலையை ஏற்றலாம் என்று அப்போது வைத்தார்கள். இறக்குவதென்றால் எந்த நேரமும் இறக்கலாம். இதைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏற்றத்துக்கு ஒரு கதவு, இறக்கத்துக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கிறது. யோசித்து எழுதிய விதி. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2001 முதல் இன்னொரு முறை இருக்கிறது. நாளைய விலையை இன்று பிற்பகல் 2 மணிக்குள் அரசிடம் சொல்லிவிட வேண்டும், நாளைக் காலை 6 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்கு அதை மாற்றக்கூடாது. எங்கள் ஸ்டாண்டுச் சின்னவன் கேட்கும் கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. இன்றைக்குப் போடுவதா, நாளைக்கா என்று அவன் முதல் நாள் பிற்பகலே முடிவு செய்துகொள்ளலாம். ஜெர்மனியில் 2013 முதல் விலை மாறிய ஐந்து நிமிடத்துக்குள் எல்லாப் பங்குகளும் தெரிவிக்க வேண்டும், அது செயலிகள் வழியாக ஓட்டுநரின் கைக்கு வந்துவிடுகிறது.

அடுத்தது, விலைக்குள் என்ன இருக்கிறது என்று காட்டுங்கள். தென்னாப்பிரிக்காவில் மாதத்தின் முதல் புதன்கிழமை விலை மாறும். கச்சா எண்ணெய்க்கு இவ்வளவு, வரிக்கு இவ்வளவு, கொண்டுவரும் செலவுக்கு இவ்வளவு, விற்பவருக்கு இவ்வளவு என்று கூறு கூறாக வெளியிடுகிறார்கள். நீங்களும் கணக்கை இணையத்தில் எங்காவது போட்டிருக்கலாம். அதை மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ரசீதில் அச்சடியுங்கள். ஏன் ஏறியது என்று தெரிந்தால் பாதிக் கோபம் குறைந்துவிடும். போரால் ஏறியதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்போம், எங்களுக்கும் உலகம் தெரியும். எதற்கு என்று தெரியாமல் கொடுப்பதுதான் வலிக்கிறது.

வரியைப் பொறுத்தவரை, கச்சா ஏறினால் வரி தானாகக் கொஞ்சம் இறங்கட்டும், கச்சா இறங்கினால் வரி பழைய இடத்துக்குத் திரும்பட்டும். பிரான்ஸ் 2000-ஆம் ஆண்டில் இப்படி ஓர் ஏற்பாட்டைத் தொடங்கி 2002 வரை வைத்திருந்தது. சிலி 2014-இல் இதைப் போன்ற ஒன்றைச் சட்டமாகவே ஆக்கியது. உலகவிலை ஆடும்போது வரி எதிர்ப்பக்கம் அசைந்து, பங்கில் விலை ஒரேயடியாகத் தாவாமல் பார்த்துக்கொள்கிறது. இதற்கும் செலவு உண்டு, விலை நீண்ட நாள் உயரத்திலேயே நின்றால் அரசுக்குச் சுமைதான். அதனால் குறைந்தபட்சம் விழுக்காட்டு வரியால் தானாக வந்து சேரும் கூடுதல் பணத்தையாவது திருப்பி விடுங்கள் என்கிறேன். பேருந்துக்குக் கொடுங்கள். மறுப்பில்லை. பேருந்து நன்றாக ஓடினால் அந்த அதிகாலைத் துப்புரவுப் பணியாளர் வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போவார். 2022 கோடையில் ஜெர்மனி மூன்று மாதத்துக்கு எரிபொருள் வரியைக் குறைத்ததோடு, மாதம் 9 யூரோவுக்குப் பேருந்து, உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் போக ஒரு சீட்டும் கொடுத்தது. ஓட்டுகிறவனுக்கும் ஓட்ட வேண்டாதவனுக்கும் சேர்த்து யோசித்தார்கள்.

இன்னொன்றும் உண்டு, எங்கள் ஸ்டாண்டில் எல்லாரும் இதை எழுதச் சொன்னார்கள். வருட வாடகை, மாத வாடகை பேசும் எந்த ஒப்பந்தத்திலும் எரிபொருள் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் ஏறினால் வாடகையும் ஏறும், இறங்கினால் வாடகையும் இறங்கும் என்ற வரி கட்டாயம் என்று சட்டம் போடுங்கள். பெரிய நிறுவனங்களுக்கு வழக்கமாக இருப்பதை எங்களுக்கும் உரிமையாக்குங்கள். இறங்கினால் வாடகையைக் குறைத்துக்கொள்ள நாங்கள் தயார். உங்களிடம் கேட்பதை நாங்கள் செய்ய மறுக்க மாட்டோம்.

எண்ணெய் நிறுவனத்தாரே, அமைச்சர்களே, நீண்ட பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. உலகச் சந்தையில் அடுத்த முறை விலை இறங்கும். எப்போது என்று எனக்குத் தெரியாது, ஆனால் இறங்கும். இறங்கிய நாளிலிருந்து எத்தனையாவது நாள் அது எங்கள் பங்குக்கு முழுதாக வந்து சேரும் என்று ஒரு எண் சொல்லுங்கள். ஏழா, பத்தா, பதினைந்தா? நீங்கள் சொல்லும் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்கிறேன். சின்னவன் கேட்டால் அவனுக்கும் சொல்வேன்.

இப்படிக்கு,
ஒரு சரக்கு வண்டி ஓட்டுநர்